கிரீமா, சந்தனமா? சுவரிடமே கேளுங்கள்!

பொங்கல் நெருங்கினாலே பல வீடுகளில் பெயின்ட் பேச்சு தொடங்கிவிடும். நீலம், பச்சை என்று போகிறவர்களுக்குக் குழப்பம் இல்லை. 'பளிச்சுனு வேண்டாம், சாந்தமா இருந்தா போதும்' என்கிற நம்மைப் போன்றவர்கள்தான் கிரீமுக்கும் சந்தனத்துக்கும் நடுவில் முழிக்கிறோம். கடைக்காரரைக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்பார். ஒன்றல்ல! கிரீமில் மஞ்சள் சாயல், சந்தனத்தில் பழுப்புச் சாயல். தபால்தலை அளவு அட்டையில் தெரியாத வித்தியாசம், நாலு சுவரிலும் அடித்த பிறகு நன்றாகவே தெரியும்.

எங்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. என் மாமியாருக்குக் கண்ணில் புரை. அவர் அறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. "சந்தனம்தான் மங்களகரம்" என்றார் அத்தை. "கிரீம்தான் வெளிச்சம்" என்றார் என் கணவர். சண்டை எதற்கு என்று சோதித்தே பார்த்துவிட்டோம்.

சில கம்பெனிகள் மாதிரிக்கென்றே 200 மில்லி டப்பா தருகிறார்கள். இரண்டு நிறத்திலும் வாங்கி, பெரிய வெள்ளை சார்ட் தாளில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்துக் காயவைத்தோம். பழைய நீலச் சுவரில் நேராக அடித்தால் மஞ்சள் கூடுதலாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். காய்ந்தால் நிறமும் மாறும். தாள்களைக் காலை, மதியம், இரவு என்று ஒவ்வொரு அறையிலும் ஒட்டிப் பார்த்தோம்.

ஹாலில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்ததும் கிரீம் கண்ணைக் கூசவைத்தது. சந்தனம் இதமாக இருந்தது. அத்தையின் அறையிலோ சந்தனம் அழுக்குச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. கிரீம், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பித் தந்தது. பல்பையும் கவனியுங்கள். எல்.இ.டி. அட்டைப் பெட்டியில் 6500 கே என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், 3000 கே என்றால் மஞ்சள் வெளிச்சம். எதைப் போடப்போகிறோமோ அதில்தான் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

முடிவில் ஹாலுக்குச் சந்தனம், அத்தை அறைக்குக் கிரீம். பளபளப்பு கண்ணைக் கூசும் என்பதால் மினுமினுப்பில்லாத 'மேட்' வகையே வாங்கினோம். கதவு நிலைக்கும் சுவிட்ச் போர்டைச் சுற்றியும் அடர் பழுப்பு. நிறம் மாறுபட்டால்தான் மங்கிய பார்வைக்குச் சட்டென்று தெரியும். இப்போது அத்தை ராத்திரியில் சுவரைத் தடவுவதில்லை. நேராகப் போய் விளக்கைப் போடுகிறார்.

இன்னொன்று: தேவையான பெயின்ட் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கி, மூடியிலுள்ள ஷேட் எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் கறை பட்ட இடத்தைச் சரிசெய்ய உதவும்.

தோழியரே, எந்த நிறம் அழகு என்று கேட்பதற்கு முன், அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யார் என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்!

– ஒரு வாசகி, கும்பகோணம்