செவிவழி வளரும் கற்பனை உலகம்

கதை கேட்பது எமக்குப் புதியதன்று. புட்பக விமானத்தையும் வேதாளத்தையும் எழுத்தறியும் முன்னரே செவிவழி அறிந்தவர்கள் நாம். புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த எமது பிள்ளைகள் பலரோ தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வர், வாசிக்கத் தயங்குவர். இவர்களிடம் எம் கதைகளைச் சேர்ப்பது எவ்வாறு?

நாம் வாழும் பலெர்மோவிலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. 'குந்தோ' எனும் சிசிலியக் கதைசொல்லற் கலையில், கதைஞர் கையில் வாளேந்தி, காலால் தாளமிட்டு, மாவீரர் கதைகளை நாள்தோறும் தொடராகச் சொல்வார். இக்கதைகளையே 'பூப்பி' எனும் பாவைக்கூத்தும் ஆடிக்காட்டுகிறது. 2001இல் யுனெஸ்கோ இக்கூத்தை மானுடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. கூத்தின் மூலங்களுள் ஒன்று, அரியொஸ்தோ 1516இல் வெளியிட்ட 'ஒர்லாந்தோ ஃபுரியோசோ' காவியம். அதில், காதலால் பித்தான வீரனின் தொலைந்த அறிவை மீட்க அவன் தோழன் சந்திரனுக்கே செல்கிறான்! மனிதன் அங்கு கால்பதித்ததோ 1969இல்.

கற்பனை முந்த அறிவியல் பின்தொடர்வதற்கு எம் தாயகத் தீவிலும் சான்றுண்டு. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், செய்மதிவழித் தொடர்பாடலை 1945இலேயே முன்மொழிந்தவர். புலம்பெயர்ந்தோர் இல்லங்களுக்குத் தமிழ்த் தொலைக்காட்சியைக் கொணர்ந்தவை அத்தகைய செய்மதிகளே. தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இயந்திர நாயையே கதைமாந்தர் ஆக்கிற்று.

குந்தோக் கலைஞரின் பணியை இன்று 'பாட்காஸ்ட்' எனும் வலையொலி செய்கிறது. 2004இல் பெயர்பெற்ற இவ்வடிவிற்கு நிலையமோ பெருமுதலோ வேண்டியதில்லை, கைத்தொலைபேசி போதும். ஊரிலுள்ள பாட்டியின் குரலில் வேதாளக் கதையொன்றைப் பத்து நிமிடம் பதிவோம். எஞ்சிய கதையைப் பேரப்பிள்ளை தன் தமிழில் தொடரட்டும். வேதாளம் விண்கலம் ஏறினாலும் தவறில்லை. பிழைகளைப் பின்னர் திருத்தலாம். பாட்டியின் குரலோ என்றும் கிடைப்பதன்று.

சியாகுல்லித் தோட்டங்களின் மண்டரின் தோடை, ஏனையவை பழுத்தோய்ந்த பின்னரே, ஜனவரி முதல் மார்ச் வரை கனிகிறது. பிந்துவதால் அதன் இனிமை குறைவதில்லை. எம் பிள்ளைகளின் தமிழும் பிந்தியேனும் கனியும். அதுவரை நீர்வார்ப்பது எமது கடன்.