ஆய்வுக் கட்டுரையைத் திருத்த வேர்ட் தரும் உதவி

கல்லூரி புராஜெக்டுக்குக் கட்டுரை எழுதும் பலர், ஸ்பெல்லிங் பார்த்து, எழுத்துருவை மாற்றினால் திருத்தும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் சித்தப்பா மகளும் அப்படித்தான் நினைத்தாள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை பற்றி எழுதிய 14 பக்கங்களைக் கொடுத்து, "அண்ணா, நாளை மறுநாள் கொடுக்கணும், ஒரு தடவை பாருங்க" என்றாள். நாங்கள் செய்த திருத்தங்கள் உங்களுக்கும் பயன்படும்.

முதலில், சேவ் அஸ் கொடுத்து பைலை வேறு பெயரில் பதியுங்கள். பழைய பைலைத் தொடவே வேண்டாம். அடுத்து, ரிவியூ டேபில் உள்ள ட்ராக் சேஞ்சஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். இனி நீங்கள் சேர்ப்பது தனி நிறத்திலும், நீக்குவது கோடிட்டும் தெரியும். பிடிக்காத திருத்தத்தை ரிஜெக்ட் செய்துவிடலாம்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் காப்பி செய்து புதிய பைலில் ஒட்டிப் படியுங்கள். தங்கையின் கட்டுரையில் இரண்டு பத்திகள் ஒரே விஷயத்தைச் சொன்னது இப்படித்தான் தெரிந்தது. ஒன்றை நீக்கினோம்.

மூன்றாவதாக, சந்தேகமான வரியைத் தேர்வு செய்து நியூ கமெண்ட் கிளிக் செய்து, "எப்படித் தெரியும்?" என்று எழுதுங்கள். "வரிப் பிரச்னையால் ஆலை மூடப்பட்டது" என்று அவள் எழுதியிருந்தாள். அது பாதி உண்மைதான். 2006ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, வரி வழக்கு காரணமாக, 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது அந்த விற்பனையில் சேர்க்கப்படவில்லை. பிறகு மைக்ரோசாப்ட் இங்கிருந்து போன் வாங்குவதை நிறுத்தியதால், 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. இப்படிப் படிப்படியாக எழுதியதும் காரணம் தெளிவானது.

நான்காவதாக, கண்ட்ரோல் + எப் அழுத்தி "அனைவரும்", "எப்போதும்" போன்ற சொற்களைத் தேடுங்கள். ஒரே ஒரு முன்னாள் தொழிலாளியிடம் பேசிவிட்டு, "தொழிலாளர்கள் அனைவரும்" என்று எழுதியிருந்தாள். "நான் சந்தித்த ஒருவர்" என்று மாற்றினோம்.

கடைசிப் பத்தியில்தான் வாக்குவாதம் வந்தது. "ஆலை இன்றும் பூட்டிக் கிடக்கிறது" என்று முடித்திருந்தாள். சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை வாங்குவதாக 2019ல் அறிவிப்பு வந்ததையும், பின்னர் அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கியதையும் காட்டினேன். "இதைச் சேர்த்தா என் முடிவே போயிடுமே" என்றாள். மறைத்தால் வைவாவில் ஒரு கேள்வியிலேயே மொத்தமும் போய்விடும் என்றேன். இரவு முழுக்க யோசித்து, 'இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் தொழிலாளர்கள் எங்கே போனார்கள்?' என்ற கேள்வியோடு முடித்தாள். முன்பிருந்ததைவிட வலுவான முடிவு அது.

ஒரு எச்சரிக்கை: கட்டுரையைக் கொடுக்கும் முன் அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் கொடுத்து, கமெண்ட் எல்லாவற்றையும் டெலீட் செய்து, பைலைப் பதியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சந்தேகங்கள் எல்லாம் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணில் படும்!