புளோரைடைப் பிடித்து வைக்கும் வெள்ளை மணிகள்

தங்கவயல் தமிழர்கள் வாழும் கோலார் மாவட்டத்திலும், அடுத்துள்ள சிக்கபள்ளாப்பூர், துமகூரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி போல் தெளிந்திருக்கும், வாடையும் இருக்காது. ஆனால் பல ஊர்களில், அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது.

காரணம் புளோரைடு. பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து இது நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அளவு மிகுந்த தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் மூட்டுகள் இறுகும்; முதுகு வளையும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் இருப்பதை மருத்துவர்கள் 1937-ல் எழுதினார்கள்.

கொதிக்க வைத்தால் போகுமா? போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையுமே தவிர, புளோரைடு அப்படியே தங்கிவிடும். துணியில் வடிகட்டினாலும் பயனில்லை.

இரண்டு மனைப் பரப்பு!

புளோரைடைப் பிடிக்கும் பொருள்களில் ஒன்று, பதப்படுத்திய அலுமினா. சிறு சிறு வெள்ளை மணிகளாக இருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள். ஒரு கிராம் அலுமினாவின் உட்பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். பெங்களூரில் 'முப்பதுக்கு நாற்பது' மனை இரண்டு சேர்ந்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு!

பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போன்றதல்ல இது. தண்ணீர் மணிகளைக் கடந்து போய்விடும்; அதிலுள்ள புளோரைடு மட்டும் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விஞ்ஞானிகள் இதைப் 'பரப்புக் கவர்ச்சி' என்கிறார்கள்.

இடம் நிரம்பினால்?

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சுவரில் இடம் நிரம்பிவிட்டால் அலுமினா வேலை செய்யாது. ஆனால் தண்ணீர் முன்போலவே தெளிவாக வரும், ருசியும் மாறாது. வடிகட்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வீட்டார் பழைய தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நிரம்பிய மணிகளை எறிய வேண்டியதில்லை. காஸ்டிக் சோடா கரைசலால் கழுவினால் புளோரைடு வெளியேறும். பிறகு நீர்த்த அமிலம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசினால் மீண்டும் பயன்படும். இது பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய வேலை. கழுவிய நீரில் புளோரைடு செறிந்திருக்கும். அதைக் கிணற்றடியில் கொட்டினால், எடுத்ததைத் திரும்ப நிலத்துக்கே கொடுத்ததாகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு கிடையாது. தண்ணீரில் புளோரைடு எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை குடம் வடிகட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆகவே, கிணற்று நீரை மட்டும் சோதித்தால் போதாது. வடிகட்டியிலிருந்து வரும் நீரையும் அவ்வப்போது அரசு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்க வேண்டும்.

நிலைத்த பற்கள் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகின்றன. அந்த வயதில் பல்லில் ஏறிய கறை, பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.