வேலையை மாற்றும் முன் இரண்டு கேள்விகள்



மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வண்டிப்பெரியாறு ஆகிய மலைப்பகுதிகளிலிருந்தும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்தும் சாஃப்ட்வேர் பணிக்குச் சென்ற நம் பிள்ளைகள் பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர், கொச்சி நகரங்களின் சபைகளில் இன்று நம்மோடு ஆராதிக்கிறார்கள். இவர்கள் எழுதித் தருகிற ஜெபக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற விண்ணப்பம் ஒன்று உண்டு. "இந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக ஜெபியுங்கள்" என்பதே அது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறைவடையாதவர்களும் இப்படி எழுதுகிறார்கள்.

ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு இது விளங்குவதில்லை. குளிர்சாதன அறை, நல்ல சம்பளம், அலுவலக வண்டி எல்லாம் இருக்கும்போது என்ன குறை என்று கேட்கிறார்கள். பிள்ளைகளோ, எங்கள் பாரம் வீட்டாருக்குப் புரியாது என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரு சாராரும் சேர்ந்து இக்காரியத்தை வேதத்தின் வெளிச்சத்தில் ஆராய்வது நல்லது.

வேலையும் வீடும் ஒன்றாயிருந்த தலைமுறை

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலைத் தோட்டங்கள் உருவாக, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மக்களே. அவர்களுக்கு லயத்து வீடுகள் கொடுக்கப்பட்டன. தொழிலாளருக்கு வீடு கொடுப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. ஓய்வு பெற்றால் அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அங்கே தொடர்ந்து குடியிருக்கலாம்.

ஆகவே, வேலையை மாற்றுவது என்ற சொல்லே அந்தத் தலைமுறையின் அகராதியில் இல்லை. மேற்பார்வையாளர் கடிந்துகொண்டாலும், அட்டை கடித்தாலும், மழையில் நனைந்தாலும் மறுநாள் காலையில் கொழுந்து எடுக்கப் போயாக வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பீருமேடு பகுதியில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது, கூலி நின்ற பின்னும் போக்கிடம் இல்லாமல் லயங்களிலேயே குடும்பங்கள் காலம் தள்ளின.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து வீதிக்கு வந்ததை நாம் மறக்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தின்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். பேச்சுவார்த்தைக்குப் பின் அது 301 ரூபாயாயிற்று. அந்த நாட்கூலியில் மிச்சம் பிடித்தே பல தாய்மார் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மகன் தோட்டத்தில் சேரவில்லையென்றால் தங்கள் வீடும் ஒருநாள் போய்விடும் என்று அறிந்தே அனுப்பினார்கள். ஆகவே ஒரு மகனின் ராஜினாமா கடிதம் அவனை மாத்திரம் பற்றியதல்ல. அதற்குப் பின்னால் வயதான இருவரின் குடியிருப்பும் இருக்கிறது.

சலிப்புக்கு மெய்யான காரணங்கள் உண்டு

இதனால் பிள்ளைகளின் பாரம் பொய்யானது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது இங்கே இரவு. ஆகவே இரவு பத்து மணிக்குக் கூட்டம் தொடங்குகிறது. யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன பழைய புரோகிராமில் பிழை வந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு புதிதாய் வந்தவன் தலையில் விழுகிறது. ஓய்வுநாளிலும் அழைப்பு வருவதால் ஆராதனையின் நடுவே எழுந்து போக வேண்டியிருக்கிறது. ஒருவர் செய்த வேலைக்கு மற்றொருவர் புகழ் பெறுகிறார். புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் அமர்த்தப்பட்டவர், நாளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தே நாளைக் கழிக்கிறார்.

பெரிய நிறுவனம் என்பதும் அசையாத கன்மலை அல்ல. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்குகளில் நடந்த மோசடியை ஒப்புக்கொண்டபோது, ஒரே நாளில் பல்லாயிரம் ஊழியர்களின் உள்ளம் கலங்கியது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியரில் ஏறக்குறைய 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. தேவபிள்ளைகள் தங்கள் நம்பிக்கையை அடையாள அட்டையின்மேல் வைக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

ஆகாருக்குத் தெரிந்த பாதி விடை

ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில், எஜமானியின் கடுமையைத் தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிய ஒரு பணிப்பெண்ணைக் காண்கிறோம். நீரூற்றின் அருகே தேவதூதனானவர் அவளைச் சந்தித்து இரண்டு காரியங்களைக் கேட்கிறார். அவள் புறப்பட்டு வந்த இடம் எது? போய்ச் சேரும் இடம் எது? ஆகார் முதல் கேள்விக்கு மாத்திரம் விடை சொல்லுகிறாள். எஜமானியை விட்டு ஓடுவதாகச் சொல்லுகிறாள். இரண்டாம் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை (ஆதி. 16:8).

பிரியமானவர்களே, வேலையை மாற்ற நினைக்கும் நம்மில் பலருடைய நிலையும் இதுவே. எதை விட்டு ஓடுகிறோம் என்று ஒரு மணி நேரம் பேசுகிறோம். எதை நோக்கிப் போகிறோம் என்று கேட்டால் மௌனமாகிறோம். புதிய இடத்தில் என்ன கற்றுக்கொள்வேன், யாருக்குக் கீழே பணிபுரிவேன், என் ஆராதனைக்கும் குடும்பத்துக்கும் நேரம் இருக்குமா என்று ஆராயாமல், சம்பளத்தில் 30 விழுக்காடு உயர்வு என்றவுடன் கையெழுத்திட்டால், பழைய சலிப்பு ஆறு மாதத்தில் புதிய மேசைக்கும் வந்து சேரும்.

இரண்டாம் கேள்விக்கு விடை இல்லாத ஓட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அண்மைக்காலச் சாட்சியம் உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சென்ற இந்திய வாலிபர்கள், எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணையவழி மோசடி செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டார்கள். இதைக் குறித்து 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. எளிய நேர்காணல், பெரிய சம்பளம், உடனே விமானச்சீட்டு என்று வருகிற வாய்ப்பை எவரும் ஆராயாமல் ஏற்கக் கூடாது.

ஆகார் திரும்பிப் போகும்படி கட்டளை பெற்றாள் என்பதால், எந்தக் கொடுமையையும் சகித்துக்கொண்டிரு என்று எல்லோருக்கும் போதிப்பது முறையல்ல. அவள் வெறுங்கையாய் அனுப்பப்படவில்லை, வாக்குத்தத்தத்தோடு அனுப்பப்பட்டாள். பின்னொரு நாளில் அந்த வீட்டை விட்டு அவள் வெளியேறியபோதும் கர்த்தர் வனாந்தரத்தில் அவளைக் கைவிடவில்லை (ஆதி. 21). பணியிடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால் சகோதரிகள் அதை மறைத்து வைக்க வேண்டியதில்லை. 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் அதற்கான உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சபையும் அப்படிப்பட்ட சகோதரியின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

யாக்கோபு புறப்பட்ட விதம்

லாபானிடத்தில் யாக்கோபு 20 ஆண்டுகள் வேலை செய்தான். பத்துமுறை அவன் சம்பளம் மாற்றப்பட்டது (ஆதி. 31:41). பகல் வெயிலும் இரவுக் குளிரும் அவனை வருத்தின. காணாமற்போன ஆடுகளுக்கும் அவனே ஈடு கொடுத்தான். இன்றைய மென்பொருள் ஊழியனின் முறையீடுகள் யாவும் அந்த அதிகாரத்தில் இருக்கின்றன. அவன் அவ்விடம் விட்டுப் புறப்பட்டதில் நமக்கு நான்கு பாடங்கள் உண்டு.

1. கர்த்தருடைய வார்த்தை முதலில் வந்தது (31:3). போக வேண்டிய இடமும் அந்த வார்த்தையில் இருந்தது. மனக்கசப்பு மிகுந்த நாளில் ராஜினாமா கடிதம் எழுதாதிருங்கள். உபவாசித்து, காத்திருந்து, மனம் அமைதலாயிருக்கும்போது தீர்மானியுங்கள்.

2. ராகேலையும் லேயாளையும் வயலுக்கு அழைத்துப் பேசினான் (31:4-16). அவர்கள் சம்மதித்த பின்பே புறப்பட்டான். மனைவிக்கும் பெற்றோருக்கும் கடைசியில் செய்தி அறிவிப்பது கலந்தாலோசனை ஆகாது.

3. லாபானுக்கு அறிவிக்காமல் போனான் (31:20). அதனால் லாபான் ஏழு நாள் பின்தொடர்ந்து வந்தான். ஒப்பந்தத்தில் 60 நாளோ 90 நாளோ முன்னறிவிப்பு என்று கையெழுத்திட்டிருந்தால் அதை நிறைவேற்றுங்கள், அல்லது முறைப்படி பேசி முடியுங்கள். ஒரு நிறுவனத்தில் சேர்வதாக எழுதிக்கொடுத்துவிட்டு, அதைக் காட்டி வேறிடத்தில் அதிகம் கேட்டு, சேர வேண்டிய நாளில் தொலைபேசியை அணைத்துவிடுவது விசுவாசிக்கு அழகல்ல.

4. ராகேல் தகப்பனின் சிலைகளை ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்து வைத்தாள் (31:34). யாக்கோபுக்கு அது தெரியாது. ஆனால் அவனுடைய 20 ஆண்டு உண்மையின்மேல் அது நிழல் விழச் செய்யக்கூடியதாயிருந்தது. நிறுவனத்தின் புரோகிராமையோ வாடிக்கையாளரின் விவரங்களையோ பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறவர் அந்தச் சேணத்தின்மேல் அமர்ந்திருக்கிறார். செய்யாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வாங்குவதும், நேர்காணலில் தனக்குப் பதிலாக வேறொருவரைப் பேச வைப்பதும் இத்தகையதே. பொய்யினால் பெற்ற வேலையைச் சபையில் சாட்சியாகச் சொல்ல முடியுமா?

உட்கார்ந்து கணக்குப் பார்க்க

கோபுரம் கட்டுகிறவன் முதலில் செல்லும் செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக். 14:28). புதிய வேலையின் உத்தரவு கடிதம் கைக்கு வரும் முன் பழைய வேலையை விடாதிருங்கள். வாடகை, கடன் தவணை, ஊருக்கு அனுப்பும் தொகை இவற்றைக் கூட்டி, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வையுங்கள்.

வேலை மாறும்போதெல்லாம் வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. 2014 முதல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க நிரந்தர எண் வழங்கப்படுகிறது. அந்த எண்ணின்கீழ் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். 10 ஆண்டுப் பணிக்காலம் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டாகும். நிரந்தரப் பணியில் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 5 ஆண்டுகள் நிறைவு செய்தால் பணிக்கொடையும் உண்டு. நான்கரை ஆண்டில் பொறுமை இழந்து வெளியேறுகிறவர் இதையும் எண்ணிப்பார்க்கட்டும். உங்கள் மூலச் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திலும் பிணையாகக் கொடுத்துவிடாதிருங்கள்.

பெற்றோருக்கும் சபைக்கும் ஒரு வார்த்தை

பெற்றோரே, மகனோ மகளோ தொலைபேசியில் அழைக்கும்போது சம்பளத்தை மாத்திரம் கேட்காமல், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டின் நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த ஆண்டு ஓய்வு, கையில் எவ்வளவு இருக்கிறது, எங்கே குடியிருக்க விரும்புகிறீர்கள் என்பது தெரிந்தால் பிள்ளை பொறுப்போடு தீர்மானிப்பான். அயல்வீட்டுப் பிள்ளை வெளிநாடு போனதைச் சொல்லி அவனை நொறுக்காதிருங்கள்.

சபையாரே, பதவி உயர்வு பெற்றவனுக்கு மாத்திரம் மேடையில் சாட்சி சொல்ல இடம் கொடுத்தால், வேலை இழந்தவன் கடைசி வரிசைக்குப் போவான், பின்பு வராமலே போவான். அவனுக்காக ஜெபிப்பதோடு, அவனுடைய விண்ணப்பத்தை அனுபவமுள்ள ஒரு சகோதரன் வாசித்துத் திருத்திக் கொடுப்பதும் ஊழியமே.

அன்பான தம்பி, தங்கையே! வனாந்தரத்தில் ஆகார் கர்த்தரைத் தன்னைக் காண்கிற தேவன் என்று அறிந்துகொண்டாள். உன் மேலாளர் காணாத உழைப்பையும் இரவுக் கண்ணீரையும் அவர் காண்கிறார். இந்த வாரம் ஒரு தாளில் அந்த இரண்டு கேள்விகளையும் எழுதி, இரண்டாவதற்கு விடை கிடைக்கும்வரை அவர் சமுகத்தில் காத்திரு. இருக்கச் சொன்னால் பெலத்தோடு இரு. போகச் சொன்னால் சமாதானத்தோடு போ.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக! ஆமென்.