ஊவாவின் நெடுங்கல் புத்தர்கள்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பழைமையான பெரும் புத்தர் சிலைகள் மூன்று இடங்களில் உள்ளன. பண்டாரவளை - பதுளை வீதியில், தேயிலை மலைகளுக்கு நடுவே தோவா விகாரையில் சுமார் 38 அடி உயரப் புத்தர் பாறையில் செதுக்கப்பட்டுள்ளார். அந்த வேலை முழுமை பெறவில்லை. வெல்லவாயவுக்குத் தெற்கே புதுருவகலையில் நிற்கும் புத்தரின் உயரம் 51 அடி. மொனராகலை மாவட்டத்து மாளிகாவில சிலை சுமார் 36 அடி.

புதுருவகலைப் பாறையில் மொத்தம் ஏழு உருவங்கள். நடுவில் புத்தர், இருபுறமும் மும்மூன்று துணை உருவங்கள். அவலோகிதேசுவரர், தாரா, வச்சிரபாணி ஆகியோர் இடம்பெற்றிருப்பதால் இது மகாயான மரபின் படைப்பு எனலாம். காலம் பெரும்பாலும் 9 - 10ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்படுகிறது.

ஜப்பானின் நாரா நகரிலுள்ள தோதாய்ஜி புத்தரும் ஏறத்தாழ புதுருவகலைப் புத்தரின் உயரம்தான். ஆனால் அது அமர்ந்த கோலத்து வெண்கலச் சிலை. 752இல் அதற்குக் கண் திறக்கப்பட்டது. களிமண் உருவைச் சுற்றி அச்சு கட்டி, அடியிலிருந்து மேல்நோக்கி எட்டுக் கட்டங்களாக உலோகம் வார்த்தார்கள். வார்ப்பில் தவறினால் மீண்டும் உருக்கி ஊற்றலாம். ஆனால் பாறையில் செதுக்கி நீக்கிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஊவாவின் பெரும்பகுதி உருமாறிய பாறைகளால் ஆனது. கடும் வெப்பமும் அழுத்தமும் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவற்றை இறுக்கிவிட்டன. இவற்றில் குவார்ட்ஸ் மிகுந்த நைஸ் பாறை உளிக்கு எளிதில் இசையாது. அதில் நுணுக்கம் காட்டுவது கடினம் என்பதால், மேலே சுண்ணச்சாந்து பூசி வண்ணமும் தீட்டினர். அந்தப் பூச்சின் எச்சம் புதுருவகலையில் இன்றும் தெரிகிறது.

மாளிகாவில சிலையோ படிகச் சுண்ணாம்புக்கல்லில், பாறையோடு ஒட்டாமல் தனித்து நிற்கும்படி வடிக்கப்பட்டது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, சுண்ணாம்புக்கல்லின் கல்சைட் 3. ஆகவே சீவர மடிப்புகளைத் தெளிவாகச் செதுக்க முடிந்தது. ஆனால் மழைநீரில் கரைந்துள்ள கரியமில வாயு கல்சைட்டை மெல்ல மெல்லக் கரைக்கும். செங்கல்லால் கட்டிய சிலைமனைக்குள் இச்சிலை இருந்தவரை அந்தக் கூரை அதற்குக் காப்பாக இருந்தது.

உலோகமும் அழியாததன்று. 855ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நாரா புத்தரின் தலை விழுந்தது; 1180, 1567 ஆண்டுகளின் போர்த்தீயிலும் சிலை சிதைந்தது. ஒவ்வொரு முறையும் ஜப்பானியர் அதைச் சீரமைத்தனர். மாளிகாவில சிலை காட்டில் வீழ்ந்து கிடந்தது. புதையல் தேடியவர்களாலும் சேதமுற்றது. துண்டுகள் இணைக்கப்பட்டு, 1991இல் சீரமைப்பு நிறைவுற்றது.

நூற்றாண்டுகளின் மழை வெயிலைத் தாங்கிய இக்கற்களில் பெயர் கிறுக்குவதும், எஞ்சிய சாந்தைத் தொட்டு உதிர்ப்பதும் ஒரு நொடி வேலை. உதிர்ந்த சாந்தை எந்தத் தொல்லியலாளராலும் பழையபடி மீட்க முடியாது. எட்ட நின்று பார்ப்பதே இந்தச் சிலைகளுக்கு நாம் செய்யக்கூடிய பாதுகாப்பு.