கைப்பணியும் கடவுட் பணியும்

கலை என்பது செல்வர் இல்லத்துச் சுவரில் தொங்குவது, சமயம் என்பது கோவிலுக்குள் இருப்பது, அன்பு என்பது குடும்பத்தாருக்குள் நிகழ்வது என்று வாழ்க்கையைப் பல அறைகளாகப் பகுத்து வைத்திருக்கின்றோம். இப் பகுப்பு இயற்கையானதன்று என்பதைத் தம் எழுத்தால் எடுத்துக் காட்டியவர், நம் நாட்டிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள்.

1877 இல் கொழும்பிலே சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாது ஒருவருக்கும் மகனாகப் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். அவர் கற்றது கலையன்று, நிலநூலும் தாவரநூலுமே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்தார். கல்லைத் தேடிக் கிராமங்களில் நடந்தவரின் கண்ணிற் பட்டவர்கள் தச்சர், கொல்லர், குயவர், பாய் இழைப்போர் ஆகிய கைப்பணியாளர். 1815 இல் கண்டி அரசு வீழ்ந்தபின், ஆதரிப்பாரின்றி அவர்தம் கைத்திறன் தேய்ந்துகொண்டிருந்தது. அதனை ஆராய்ந்து 1908 இல் அவர் வெளியிட்டதே 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். 1917 முதல் 1947 இல் மறையும்வரை அமெரிக்காவில் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணிபுரிந்தார்.

கலைஞன் என்பவன் மனிதருள் ஒரு தனி இனத்தானல்லன். தன் தொழிலை உள்ளம் ஒன்றிச் செய்யும் எவனும் கலைஞனே என்பது அவர் கொள்கை. இதற்குச் சான்று தேடி நூதனசாலைக்குப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி பனையோலைப் பெட்டி இழைப்பதைப் பாருங்கள். வெள்ளோலைக்கு நடுவே ஒரு சிவப்போலையைச் சேர்க்கின்றாள். அந்தச் சிவப்போலை இல்லாவிடினும் பெட்டி அரிசியைத் தாங்கும். சேர்த்ததனாற் பெருவிலை கிடைக்கப்போவதுமில்லை. பின் ஏன் சேர்த்தாள்? தான் செய்யும் பொருளின்மீதும், அதனைக் கையாளப்போகும் முகமறியாத ஒருவர்மீதும் அவளுக்குள்ள அன்பே காரணம். கலை பிறக்குமிடம் அதுவேயாகும்.

சமயத்திற்கும் இவ்வன்புக்கும் உள்ள உறவு யாது? 1918 இல் வெளிவந்த 'சிவநடனம்' என்னும் நூலிலே, திருமூலர் முதலிய தமிழ்ச் சான்றோர் வழிநின்று, ஆடவல்லானின் கூத்துக்குக் குமாரசுவாமி விளக்கந் தந்தார். ஐந்தொழிலையும் காட்டும் அக்கூத்து நிகழும் தில்லையம்பலம் வெளியே மட்டுமன்று, ஒவ்வோர் உயிரின் உள்ளத்திலும் உளது என்றார். அங்ஙனமாயின், திருவுருவை வார்த்த சிற்பியின் உள்ளமும் அம்பலமன்றோ?

இங்கேதான் மனித இயல்பின் முரண்பாட்டைக் காண்கின்றோம். சிற்பி செய்த திருவுருவைக் கைகூப்பித் தொழுதோம். சிற்பியைச் சமமாக இருத்தத் தயங்கினோம். தேரின் வடத்தைப் பிடிப்பது பேறு என்றோம். தேரைச் செய்தவனின் தொழிலைத் தாழ்வென்றோம். எமது மாணவருள்ளும் கைப்பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசுவதைக் கண்டிருக்கின்றோம். அக்கூச்சம் அப்பிள்ளைகளுடைய குற்றமன்று. அதனைக் கற்பித்தது நமது சமுதாயமே.

கலையைப் போற்றுவோம் என்று மேடையிற் பேசுவது எளிது. சந்தையிலே பெட்டியின் விலையைக் குறைக்கும்படி வாதாடும்போதே நமது கலையன்பு சோதிக்கப்படுகின்றது. புகழுரையால் அடுப்பு எரியாது. ஆகவே பெற்றோரே, அடுத்தமுறை ஓலைப் பெட்டியோ மட்பானையோ வாங்கும்போது உரிய விலையை மனமுவந்து கொடுங்கள். அதனைச் செய்த கைகளைப்பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு மதிப்போடு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆலயத்திற் செய்யும் அருச்சனைக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.