பக்கத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள்

"கணினி தெரியுமா, இணையம் பழக்கமா?" என்று கல்லூரி மாணவர்களிடம் படிவம் நீட்டினால், தெரியும் என்றுதான் பெரும்பாலும் விடை வரும். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த விடை எதை அளக்கிறது?

அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 'இது எனக்குப் பயன்படும்', 'இது எனக்குச் சுலபம்' என்ற இரண்டு எண்ணங்கள்தான் ஒருவரைப் புதிய தொழில்நுட்பத்தின் பக்கம் இழுக்கின்றன என்றார். மாணவர்களின் மனப்பான்மையை ஆராயும் எத்தனையோ கருத்துக்கணிப்புகள் இதை ஒட்டித்தான் கேள்வி கேட்கின்றன. அவற்றில் தெரிவது விருப்பம். அறிவு தெரிய வேண்டுமானால் ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் அதைச் செய்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் அங்கே இளநிலை படிக்கும் மாணவர்கள் 25 பேர், வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, 60,000 பேருக்கு மேல் உறுப்பினராக உள்ள அமெரிக்கன் அகாடமி. மற்றது அமெரிக்கன் காலேஜ். பெயர் என்னவோ பெரிதுதான். ஆனால் ஒருபால் இணையர் குழந்தையைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததை எதிர்த்து 2002இல் பிரிந்துபோன சிறு குழு அது.

மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தச் சிறு குழுவையே நம்பினார்கள். முத்திரை, ஒழுங்கான வடிவமைப்பு, கட்டுரையின் அடியில் மேற்கோள் பட்டியல், விளம்பரம் இல்லாத பக்கம் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தவை. பக்கத்தை நடத்துபவர் விரும்பினால் அத்தனையையும் ஒரே நாளில் அமைத்துக்கொள்ளலாமே! முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்களிலும் பாதிப்பேர் தடுமாறினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிப்பு மட்டும் இதற்குக் கைகொடுப்பதில்லை.

சரிபார்ப்பவர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தை ஊன்றிப் படிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு உலாவியில் வேறொரு தாவலைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். தேடல் முடிவுகளில் முதலில் வந்ததைச் சட்டென்று தட்டவும் இல்லை. பட்டியலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, எந்தத் தளம் யாருடையது என்று கவனித்த பிறகே ஒன்றைத் திறந்தார்கள். நன்றாகப் படிப்பவர் ஆழ்ந்து படிப்பார் என்றே பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். இணையத்தில் ஆழ்வதற்கு முன்னால் யார் வீட்டுக் கிணறு என்று கேட்டுக்கொள்வதுதான் சரி.

இதைக் கற்றுத்தர ஒரு பருவம் முழுவதும் தேவையில்லை. இதே குழுவினர் பிறகு ஒரு பல்கலைக்கழக வகுப்பில் 75 நிமிடப் பாடம் இரண்டே நடத்திப் பார்த்தார்கள். பாடம் கேட்ட மாணவர்கள், கேட்காதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.